கையைப் பிடித்து எழுப்பியவர்

பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
வானொலி மறையுரை
நற்செய்தி: மாற்கு 1:29-39



கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தப் பாதை மறக்காது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போன பிறகும் ஏற்றமும் இறக்கமும் முடிவதில்லை. மலைமேல் உள்ள ஊர்களின் தொகுதியை அங்கே 'நாடு' என்று சொல்வார்கள். அவற்றில் ஒன்று ஆலத்தூர் நாடு. தண்ணீருக்குப் போனால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். மிளகுக் கொடிக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் படிதான். அப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு முழங்கால் போய்விட்டால், பாதி வாழ்க்கை போய்விட்டது என்றுதான் பொருள்.

அந்த ஆலத்தூர் நாட்டில் ஒரு வீட்டிற்கு, நோயாளிக்கு நற்கருணை வழங்க உபதேசியாரும் நாமுமாகப் போயிருந்தோம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு தாய். பல ஆண்டுகளாக மூட்டுவலி. கீழே சமவெளியில் உள்ள மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கட்டிலில் படுத்திருந்தார். முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணைகள். மருமகள் விசிறிக்கொண்டிருந்தார். பேத்தி காலடியில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாயைத் தரையில் கால்வைக்க விடாமல் குடும்பமே பார்த்துக்கொண்டது.

செபம் சொல்லி முடித்ததும் அவர் மெல்லச் சொன்னார்: "சாமி, நன்மை வாங்கிக்கிறேன். ஆனா இனிமே கோயிலுக்கு வரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"ஏம்மா? கால் சரியானதும் வரலாமே?"

"சரியானாலும் முட்டி போட வேணாம்னு சொல்லிட்டாங்க. தரையில உட்காரவும் கூடாதாம். சனமெல்லாம் பாயில இருக்க, நான் மட்டும் நாற்காலி போட்டு உசரத்துல உட்காரணுமா? எழுந்தேற்றத்துல எல்லாரும் முழந்தாள்ல நிக்கிறப்ப, நான் காலை நீட்டிக்கிட்டு இருந்தா ஆண்டவருக்கு அது மரியாதையா சாமி?"

அன்பானவர்களே, அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. "முதல்ல நல்லா ஓய்வெடுங்கம்மா, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னோம். முழங்காலுக்கு அடியில் நழுவியிருந்த தலையணையை நாமே தட்டிச் சரியாக வைத்துவிட்டும் வந்தோம். நல்ல காரியம் செய்த நிறைவோடு படியிறங்கினோம்.

இன்றைய நற்செய்தியில் இயேசு ஒரு வீட்டிற்குள் போகிறார். கப்பர்நாகும் ஊரில் தொழுகைக்கூடத்தை விட்டு வெளியே வந்து, யாக்கோபு, யோவானுடன் சீமோன், அந்திரேயாவின் வீட்டிற்கு வருகிறார். அங்கே சீமோனுடைய மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார். மாற்கு நற்செய்தியாளர் இதற்கு மிகச் சில வரிகளே எழுதுகிறார். ஆனால் அந்தச் சில வரிகளில் மூன்று செயல்கள் இருக்கின்றன. வீட்டார் அவரைப் பற்றி இயேசுவிடம் சொன்னார்கள். இயேசு அவர் கையைப் பிடித்து எழுப்பினார். எழுந்தவர் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். இந்த மூன்றையும் அந்த ஆலத்தூர் நாட்டுத் தாயின் கட்டிலருகே நின்றுகொண்டு இன்று சிந்திப்போம்.

முதலாவது, வீட்டார் சொன்னார்கள்.

இயேசு உள்ளே வந்ததும், காலம் தாழ்த்தாமல் அவரைப் பற்றிச் சொன்னார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? "வயசானா மூட்டு வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிடுகிறோம். தாய்மார்கள் தைலத்தைத் தேய்த்து, துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, வலியை யாருக்கும் காட்டாமல் அடுப்படிக்குப் போகிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே பழக்கம் தொடர்கிறது. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது, மறுபடியும் மலையிறங்கச் சொல்லிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வலியைப் பற்றி உலகத்திற்குக் கற்பித்த ஒரு மருத்துவர் இதே கொல்லிமலையில்தான் பிறந்தார். 1914ஆம் ஆண்டு இங்கே பிறந்த பால் பிராண்ட் அவர். அவருடைய தந்தை ஜெசி பிராண்ட், தாய் எவ்லின் பிராண்ட் இருவரும் இந்த மலைமக்களிடையே பணியாற்ற வந்த மறைப்பணியாளர்கள். அவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் கிறிஸ்துவின் பெயரால் இந்த மக்களோடு வாழ்ந்தவர்கள். மகன் பால் பிராண்ட் அறுவை மருத்துவராகி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர்களின் விரல்கள் சிதைவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று அவர் எடுத்துக்காட்டினார். சூடான பாத்திரம் சுட்டாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. கைவிடப்பட்ட புண் விரலைத் தின்றுவிடுகிறது. ஆகவே வலி என்பது கடவுள் கொடுத்த கொடை என்று அவர் சொல்லிவந்தார்.

அந்தக் கொடையைப் பகுத்தறியத் தெரிய வேண்டும். முழங்கால் அறுவை செய்தவருக்கு இருவகை வலி உண்டு. மடக்கி நீட்டும் பயிற்சியில் வருகிற வலி ஒன்று. அது வரும், சற்று நேரத்தில் தணியும். அதற்குப் பயந்து நின்றுவிடக் கூடாது. மற்றொன்று எச்சரிக்கிற வலி. கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் கண்டால், தையல் போட்ட இடம் சிவந்து நீர் வடிந்தால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கவே கூடாது. இரத்தக்கட்டியோ கிருமித் தொற்றோ அதற்குக் காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீமோன் வீட்டார் தாமதிக்காமல் சொன்னார்கள். நாமும் சொல்வோம். சொல்லாமல் தாங்குவதெல்லாம் சிலுவை சுமப்பது ஆகிவிடாது.

இரண்டாவது, இயேசு கையைப் பிடித்து எழுப்பினார்.

அந்தத் தலையணைக்கு வருவோம். நாம் போய் வந்த சில நாள்களில் அந்த வீட்டிற்கு இயன்முறை மருத்துவம் செய்யும் ஓர் இளம்பெண் வந்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நடமாட முடியாதவர்களின் வீட்டிற்கே போய்ப் பயிற்சி கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. வந்தவர் முதலில் செய்த வேலை, முழங்காலுக்கு அடியில் இருந்த இரண்டு தலையணைகளையும் உருவி எடுத்ததுதான். மருமகள் பதறிப்போனார். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார்: "முட்டிக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு காலை நேராக நீட்டவே முடியாது. நேராக நீட்ட முடியாத காலால் நன்றாக நடக்கவும் முடியாது. தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள்."

உபதேசியார் இதை வந்து சொன்னபோது நமக்கு வெட்கமாக இருந்தது. அன்போடுதான் வைத்தோம். அந்த அன்பே காலை முடக்கப் பார்த்தது. அன்பானவர்களே, இது முழங்காலுக்கு மட்டும் உள்ள ஆபத்து அல்ல. நோயுற்றவரை 'நீங்க எதுவும் செய்ய வேண்டாம்' என்று கிடத்திவைப்பது சில வேளைகளில் நமக்கே எளிதாக இருக்கிறது. கைபிடித்து நடத்துவதைவிடத் தலையணை வைத்துவிட்டுப் போவது சுலபம்.

இயேசு தலையணை வைக்கவில்லை. அருகில் போனார், கையைப் பிடித்தார், எழுப்பினார். அந்தக் கை தாங்கவும் செய்கிறது, 'எழு' என்று கேட்கவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் குணமளிக்கும் கை.

மூட்டு மாற்று அறுவை என்றால் காலையே மாற்றிவிடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி, அவற்றுக்கு உலோக உறை போட்டு, இடையில் உறுதியான பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைக்கிறார்கள். அறுவை அரங்கில் அது சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நிற்கவும் நடக்கவும் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முட்டியை மடக்குவது, காலை நேராகத் தூக்கி நிறுத்துவது என ஒவ்வொன்றையும் ஒரு நாளைக்குப் பலமுறை, வாரக்கணக்கில் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து வசதியாக எழ வேண்டுமென்றால் முட்டி ஏறக்குறைய 90 பாகை மடங்க வேண்டும். அது ஒரே நாளில் வராது. நேற்றைவிட இன்று ஒரு விரல்கடை கூடுதலாக மடங்கினால் அதற்கே நன்றி சொல்லலாம்.

இரவுதான் கொடிது. இன்றைய முதல் வாசகத்தில் யோபு, எப்போது விடியும் என்று புரண்டு புரண்டு கிடப்பதைக் கேட்டோம். முழங்கால் அறுவை செய்தவர்களுக்கு அது நன்றாகப் புரியும். பகலில் தாங்கிய வலி இரவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில், 'ஏன்தான் செய்துகொண்டேனோ' என்று மனம் உடைவது இயல்பு. அது அவநம்பிக்கை அல்ல. யோபுவும் கடவுளிடம் அப்படித்தான் பேசினார். அந்த வேளையில் அருகில் படுத்திருப்பவர் விழித்து, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டால், அதுவும் இயேசுவின் கைதான்.

அந்த வீட்டில் கைகள் கூடின. பேத்தி பயிற்சிக்கு எண்ணிக்கை சொன்னாள். பாட்டி பத்தில் நிறுத்தினால், "இன்னும் அஞ்சு இருக்கு ஆயா" என்று விடமாட்டாள். கழிவறையில் குந்த முடியாது என்பதால் அன்பியத்தார் பணம் சேர்த்து, உட்கார வசதியான கழிப்பறை நாற்காலி வாங்கி, பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கைத்தடி பிடித்தபோது, வலிக்கிற காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். மலைமேல் வாழ்கிறவருக்கு இது வேதபாடம் போல மனப்பாடமாக வேண்டியது.

மூன்றாவது, எழுந்தவர் பணிவிடை செய்தார்.

காய்ச்சல் நீங்கியது என்பதோடு மாற்கு நிறுத்தவில்லை. அந்தப் பெண் தம் வீட்டில், தம் அடுப்படியில், தமக்குரிய இடத்தில் மறுபடியும் நின்றார் என்று காட்டியபிறகே நிகழ்ச்சியை முடிக்கிறார். பணிவிடை என்பதற்கு இங்கே அவர் பயன்படுத்தும் அதே சொல்லைத்தான், ஊழியம் பெற அல்ல, ஊழியம் செய்யவே வந்தேன் என்று இயேசு தம்மைப் பற்றிச் சொல்லும்போதும் பயன்படுத்துகிறார். அப்படியானால் அந்தத் தாய் செய்தது சிறிய வேலை அல்ல.

மருத்துவர் பால் பிராண்டும் இதைக் கண்டுகொண்டார். கைகளைச் சரிசெய்து அனுப்பினால் மட்டும் போதவில்லை. பிச்சை எடுத்துப் பிழைத்தவர்களுக்குக் கை நன்றானதும் பிச்சையும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. ஆகவே வேலூரில் 'புதுவாழ்வு மையம்' என்று ஒன்றை ஏற்படுத்தி, தச்சு முதலிய தொழில்களைக் கற்றுக்கொடுக்க வழிசெய்தார். கையைத் திருப்பிக் கொடுத்தபின், கைக்கு வேலையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவருடைய தாய் எவ்லின் அம்மையாரின் கதை இன்னும் நமக்கு அருகில் உள்ளது. 1929இல் கணவர் இந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். மறைப்பணியிலிருந்து ஓய்வுபெறும் வயதில் எவ்லின் அம்மையார் ஊருக்குத் திரும்பாமல் மறுபடியும் கொல்லிமலைக்கே வந்தார். எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவரைக் கட்டிலில் கிடத்தி, நான்கு பேர் தூக்கி மலையிறக்கினார்கள். இனிப் போதும் என்று மருத்துவரான மகனே சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார். நடக்க முடியாத இடங்களுக்கு மட்டக்குதிரையில் போனார். 1974இல், 95 வயதில் இறக்கும்வரை மலைமக்களுக்காகவே வாழ்ந்தார். பழைய கால்கள் அவருக்குத் திரும்ப வரவில்லை. பழைய பணி திரும்ப வந்தது.

நம் புனிதர்களில் லொயோலா இஞ்ஞாசியாரும் அப்படித்தான். 1521 மே 20 அன்று பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பைச் சரியாகப் பொருத்தாததால் மறுபடியும் உடைத்துப் பொருத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே துருத்திய எலும்பை அறுத்து எடுத்தார்கள். மாதக்கணக்கில் படுத்திருந்தபோது கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர்களின் வரலாற்றையும் வாசித்து மனம் மாறினார். எழுந்தபோது கால் சற்றே குட்டையாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். அந்த நடையோடுதான் இயேசு சபையைத் தொடங்கினார். அவருடைய தோழர் சவேரியார்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்.

ஆகவே, அறுவை செய்துகொண்டவர்களே, 'முன்னே மாதிரி ஆகவில்லையே' என்று சோர்ந்துவிடாதீர்கள். வீக்கமும் சூடும் தணியவே சில மாதங்கள் ஆகும். வீட்டு வேலைகளுக்குப் பலர் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்திற்குள் திரும்புகிறார்கள். முழுப் பலம் வர ஓர் ஆண்டுகூட ஆகலாம். சில காரியங்கள் திரும்பி வராமலும் போகலாம். தரையில் சம்மணம் போடுவதும் குந்துவதும் மாற்று மூட்டுக்கு வேண்டாம் என்றே பொதுவாக மருத்துவர்கள் சொல்வார்கள். வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொள்ளலாம். வேலையையே விட்டுவிட வேண்டியதில்லை.

வீட்டிலிருப்பவர்களே, அவர்களுக்கு வேலை கொடுங்கள். அந்த ஆலத்தூர் நாட்டு வீட்டில் மிளகு அறுவடை வந்தது. கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்ப்பது இத்தனை ஆண்டும் அந்தத் தாயின் வேலை. இந்த முறை மிதிக்க முடியாது. மருமகள் ஒரு நாற்காலியையும் உயரமான முக்காலியையும் போட்டு, முறத்தை அவர் முன்னால் வைத்துச் சொன்னார்: "அத்தே, மிதிக்கிறதை நாங்க பார்த்துக்கிறோம். நீங்க காம்பும் பதரும் பொறுக்கிக் குடுங்க. உங்க கண்ணு மாதிரி எங்களுக்கு வராது." அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்பதை உபதேசியார் பலரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

மீதமிருப்பது கோயிலும் அந்த நாற்காலியும்தான். எழுந்தேற்றத்தில் முழந்தாளிட முடியாதவருக்குக் கோயிலில் இடம் உண்டா? திருச்சபை இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. திருப்பலி நூலின் பொது விதிகளில் 43ஆம் எண், உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கு முழந்தாளிடுவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. அர்ப்பண வார்த்தைகளுக்குப் பின் அருள்பணியாளர் முழந்தாள் மடித்து வணங்கும்போது, முழந்தாளிடாதவர்கள் நன்றாகத் தலைவணங்கினால் போதும் என்று சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிசுக்கும் முழங்கால்தான் தொல்லையாக இருந்தது. 2022 மே மாதத்திலிருந்து சக்கர நாற்காலியில் மக்கள் முன் வந்தார். பல திருப்பலிகளில் அவர் இருக்கையில் அமர்ந்து மறையுரை ஆற்ற, வேறொருவர் பீடத்தில் நின்றார். அந்த ஆண்டு ஜூலையில் கனடா நாட்டுப் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்கவும் அந்த நாற்காலியிலேயே போனார். முழங்கால் மடங்கவில்லை. மனம் மடங்கியிருந்தது. கடவுள் கேட்பதும் அதைத்தான்.

இதை அந்தத் தாயிடம் போய்ச் சொன்னோம். தலையணை வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டோம். "விடுங்க சாமி, நீங்க டாக்டருக்கா படிச்சீங்க?" என்று சிரித்தார். அடுத்த வாரம் இளைஞர்கள் கோயில் படியோரம் மூங்கில் நட்டு, பிடித்து ஏறக் கைப்பிடி கட்டினார்கள். கோயிலுக்குள் ஒரு நாற்காலிக்குப் பதில் நான்கு போட்டோம். அதுவரை வலியைச் சொல்லாமல் பாயில் உட்கார்ந்துகொண்டிருந்த மூன்று பேர் தாமாகவே எழுந்துவந்து அவற்றில் அமர்ந்தார்கள். நான்காவதில், பேத்தியின் கையைப் பிடித்தபடி வந்த அந்தத் தாய் அமர்ந்தார்.

அன்பானவர்களே, வருகிற பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள், உலக நோயாளர் நாள். உங்கள் பங்கிலே, உங்கள் தெருவிலே, கோயிலுக்கு வராமல் நின்றுபோனவர் ஒருவர் இருப்பார். நம்பிக்கை குறைந்ததால் அல்ல, முழங்கால் மடங்காததால் நின்றிருப்பார். இந்த வாரம் அவர் வீட்டிற்குப் போங்கள். பழம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. கையை நீட்டுவது அதைவிட நல்லது.

செபிப்போம். அன்பு ஆண்டவரே, சீமோனின் மாமியாரைக் கைபிடித்து எழுப்பியவரே, கட்டிலில் விடியலுக்காகக் காத்திருக்கும் எங்கள் தாய் தந்தையரை நினைவுகூரும். வலியில் துணிவையும், பயிற்சியில் பொறுமையையும் அவர்களுக்குத் தாரும். அவர்களை முடக்கிவிடாமல் எழுப்புகிற அன்பை எங்களுக்குத் தாரும். எழுந்தவர்கள் உம் இல்லத்திலும் தங்கள் இல்லத்திலும் மீண்டும் தங்கள் இடத்தைப் பெறச் செய்தருளும். ஆமென்.